லேசா சுருக்குன்னு இருக்கும்

செம்மடுவில் என் வீட்டுப் பின்பக்கம்
ஆறடிக்கு நாலடி மண்.
அவரை போடு என்றார்கள்.
சௌசௌ போடு, நிழலுக்கு நிழல், காய்க்குக் காய்
என்றார்கள்.
நான் வைத்தது
இருதயராஜ் நர்சரியில் நூற்றெண்பது ரூபாய்க்கு வாங்கிய
முள்ளில்லாத பிளாக்பெர்ரி.

"போன் பேரு மாதிரி இருக்கே" என்றான்
பக்கத்து வீட்டு லூர்துவின் மகன்.
சடையம்மா தண்டைத் தடவிப் பார்த்தாள்,
மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே.
"எங்க காட்டுல இதுக்குச் சொந்தக்காரன் இருக்கான்.
ஒருத்தரையும் சும்மா விடமாட்டான்.
இது என்னா,
பல்லு முளைக்காத புள்ளையாட்டம்?"

ஏன் இதை வைத்தாய் என்று யாரும் கேட்கவில்லை.
காலை ஏழரையிலிருந்து மதியம் ஒன்று வரை
ஒண்டிக்கடை ஆய்வுக்கூடத்தில்
ரத்தம் எடுப்பவள் நான்.
எஸ்டேட் ஆட்கள், சுற்றிப் பார்க்க வந்து
காய்ச்சலில் விழுந்தவர்கள்,
மாதாமாதம் சர்க்கரை பார்க்கும் பென்ஷன்காரர்கள்,
நரம்பு கிடைக்காத குழந்தைகள்.
எல்லோருக்கும் ஒரே பொய்தான்:
லேசா சுருக்குன்னு இருக்கும்.
வீட்டுக்கு வந்தால்
குத்தாத ஒன்றைத் தொட வேண்டும் எனக்கு.

முதல் வருஷம் வெறும் கொடி.
இரண்டு சில்வர் ஓக் கம்பு நட்டு
பழைய கேபிள் ஒயரை இழுத்துக் கட்டி
புடவைக் கிழிசலால் தளர முடிந்தேன்.
இந்த வருஷக் கொடி அடுத்த வருஷம் காய்க்கும்,
காய்த்தது அத்தோடு சரி, அடியோடு வெட்டிவிடணும்
என்று இருதயராஜ் சொல்லியிருந்தார்.

இரண்டாம் வருஷம் ஏப்ரல் கடைசியில்
வெளிறிய ரோஜா நிறத்தில் பூ.
பிறகு பச்சை, சிவப்பு, கறுப்பு.
கறுத்த அன்றே பறித்தேன்.
பல் கூசும் புளிப்பு.
மினுமினுப்பு போய் மங்கும் வரை
இன்னும் நாலு நாள் விட வேண்டுமாம்.
நான் விட்டேன்.
கொண்டைக்குருவி விடவில்லை.
மதிலில் உட்கார்ந்து ஒரு குரங்கு
நூல்கண்டு பிரிப்பது போலக்
கொடியைக் கைக்குள் ஓட்டி ஓட்டித் தின்றது.
ஓடவில்லை, பதறவில்லை.
அதற்கும்தான் குத்தவில்லையே.

மிஞ்சியது பதினொன்று.
ஏழு எனக்கு, நாலு சடையம்மாவுக்கு.
"எங்க முள்ளுப்பழம்தான் ருசி" என்றாள்
நாலையும் தின்று முடித்து,
பல்லிடுக்கு விதையை நாக்கால் துழாவிக்கொண்டே.
காய்த்த கொடியை நான் வெட்டவில்லை.
தழைக்குமென்று ஒரு மழைக்காலம் முழுக்கப் பார்த்திருந்தேன்.
சுள்ளியாகி நின்றது.

போன ஐப்பசியில்
மழைத்தண்ணீர் ஒதுக்க மண்வெட்டி போட்டபோது
வேர் ஒன்று அறுந்தது.
தை மாதம், அறுந்த இடத்திலிருந்து ஒரு முழம் தள்ளி
புதுத் துளிர். அதே இலை.
பழகிய கையோடு கட்டப் போனேன்.

சுருக்.

தண்டு நெடுக முள்,
பூனைக்குட்டி நகம் போலப் பின்னோக்கி வளைந்து.
விரல் நுனியில் ஒரு சொட்டு.
வீணாகிறதே என்று
இன்னொரு கை சர்க்கரை ஸ்ட்ரிப்பைத் தேடியது.

ஏமாற்றிவிட்டீர்கள் என்றேன் போனில்.
"இல்லம்மா, சில ரகத்துக்கு
மேல்தோலுக்குத்தான் முள் கிடையாது.
உள்ளே பழைய ஆள்தான்.
வேரை வெட்டினா எழுந்து வந்துடுவான்.
பிடுங்கிப் போட்டுடுங்க."

பிடுங்கவில்லை.
ஆய்வுக்கூடக் கையுறை இரண்டு அடுக்கு போட்டும்
நாலு இடத்தில் வாங்கிக்கொண்டு
மதிலோரமாக அதை வளைத்துக் கட்டினேன்,
குரங்கு உட்காரும் இடத்தில்.

மறுநாள் முதல் ஆள் லூர்துவின் மகன்.
மூன்று நாளாகக் காய்ச்சல்.
புறங்கையைத் தட்டி நரம்பு பார்த்தேன்.
வாய்வரை வந்த வாக்கியத்தை விட்டுவிட்டு
"வலிக்கும்டா" என்றேன்.
தெரியும் என்று முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு
"அந்தக் குரங்கு வந்துச்சாக்கா?" என்றான்.

இன்னும் வரலை.